போனை வாங்கி வைக்கச் சொன்ன ஆசிரியை

2021 ஜனவரி 19ஆம் தேதி, பத்து மாதங்களாகப் பூட்டிக் கிடந்த பள்ளிகள் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும் திறக்கப்பட்டன. திருப்பூருக்குக் கிழக்கே, விடிவதற்கு முன்பே பனியன் கம்பெனி வேன்கள் தெருமுனைகளில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஓர் ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் முதுகலை ஆசிரியை. திறந்த இரண்டாம் வாரம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வந்த மாணவிகளில் ஒருத்தி, மற்றவர்கள் எல்லோரும் போகும்வரை ஆய்வகத்தின் தண்ணீர்க் குழாயருகே நின்றுகொண்டிருந்தாள். பிறகு அருகில் வந்து, நோட்டை நீட்டாமலேயே சொன்னாள்: அவளுடைய வாட்ஸ்அப் முகப்புப் படத்தை யாரோ எடுத்து, முகத்தை மட்டும் வெட்டி, ஆடையில்லாத வேறோர் உடலில் ஒட்டி, அவளுடைய சித்தப்பா மகனுக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

நான் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். "டிபியில எதுக்குக் கண்ணு போட்டோ வெச்சே?" "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசிட்டு இருந்தியா?" "ஊட்டுல தெரியுமா?" இவற்றில் ஒன்றுகூட அந்தப் படத்தைச் செய்தவனைப் பற்றியது இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் தந்தையை வரவழைத்தார். அவர் தறி ஓட்டுகிறவர். நாள் முழுவதும் தறியிரைச்சலில் நிற்பவர்களுக்கே உரிய உரத்த குரல் அவருக்கு. அன்று அந்தக் குரல் எழும்பவே இல்லை. அவரிடம் நான்தான், நல்லதைச் சொல்கிறோம் என்ற நினைப்பில், "கொஞ்ச நாளைக்குப் போனை வாங்கி வெச்சுக்குங்க, எல்லாம் சரியாயிரும்" என்று சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. ஏப்ரலில் செய்முறைத் தேர்வுக்கு மட்டும் வந்தாள். அவளுடைய மாமா வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். ஜூன் மாதம் பொதுத்தேர்வு ரத்து செய்யப்பட்டு, பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களோடு பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அக மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டு எல்லோருக்கும் மதிப்பெண் வழங்கப்பட்டபோது, அவளுடைய செய்முறை மதிப்பெண்ணைப் பதிவேற்றியதும் நான்தான். சான்றிதழை அந்த மாமாவே வந்து வாங்கிப் போனார். அடுத்த தை மாதம் கல்யாணம். படத்தைச் செய்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் யாரும் தேடவில்லை. புகார் கொடுத்தால் பெயர் கெட்டுப்போகும் என்ற பயத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அவளைத்தான் அகற்றினோம்.

சில மாதங்கள் கழித்து இன்னொன்றும் புரிந்தது. அந்தப் படம் வந்த எண், அவளுடைய எண்ணை எங்கிருந்து பெற்றது? ஊரடங்குக் காலத்தில் பாடம் அனுப்புவதற்காக நாங்கள் தொடங்கிய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், ஐம்பத்தெட்டுப் பேரின் எண்களும் முகப்புப் படங்களும் ஐம்பத்தெட்டு வீடுகளுக்கும் தெரிந்தன. அந்த வீடுகளில் போன் பிள்ளையிடம் மட்டும் இருப்பதில்லை; அண்ணன் கையில் இருக்கும், பக்கத்து அறையில் தங்கியிருக்கும் உறவுக்காரர் கையில் இருக்கும். பெண்பிள்ளைகளின் எண்களைத் தட்டில் வைத்து நீட்டியது பள்ளிதான். இப்போது நான் வகுப்புக்கு அனுப்புவதை வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புப் பகுதி வழியாகவே அனுப்புகிறேன். அதில் ஒருவருடைய எண் மற்றவருக்குத் தெரியாது. முன்பே இப்படி ஒரு வசதி வேண்டும் என்று யோசிக்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

2022இல் கோவை ஊரகக் காவல்துறை 'ப்ராஜெக்ட் பள்ளிக்கூடம்' என்ற பெயரில் பள்ளிகளுக்கே வந்து குழந்தைகளிடம் பாலியல் தொல்லை பற்றிப் பேசத் தொடங்கிய செய்திகளைப் படித்தபோது, எங்கள் பள்ளியிலும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தது. நான் முதலில் செய்தது மிக எளிய காரியம். காலியான சாக்பீஸ் பெட்டியின் மூடியில் ஒரு துளை போட்டு, பதினோராம் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மேசைமேல் வைத்தேன். எல்லோரும் ஒரே அளவுத் தாளில், பெயர் எழுதாமல், போன் தொடர்பாக யாரிடமும் சொல்லாத ஒன்றையும், ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுத வேண்டும். சொல்ல எதுவும் இல்லாதவர்கள் அன்று மதியம் சாப்பிட்டதை எழுத வேண்டும். எல்லோருடைய பேனாவும் ஓட வேண்டும், அதுதான் முக்கியம். இல்லையென்றால் எழுதுகிறவள் யார் என்று பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி உண்டு. எங்கள் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கிறது. அங்கே போய்த் தாளைப் போடுவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

வந்த தாள்களில் பெரும்பாலும் தயிர்ச்சோறும் தக்காளிச்சோறும்தான். மிச்சமிருந்த பதினேழு தாள்களைத் தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். தெரியாத எண்ணிலிருந்து இரவில் வரும் வீடியோ கால்கள், பழைய சிநேகிதன் பாஸ்வேர்டைக் கேட்டு மிரட்டுவது, போலிக் கணக்கு, பள்ளியின் பெயர் எழுத்துகளைச் சேர்த்து யாரோ நடத்தும், யார் எழுதியது என்று தெரியாமல் எதையும் போடும் இன்ஸ்டாகிராம் 'கன்ஃபெஷன்' பக்கத்தில் பெண்களுக்கு மதிப்பெண் போடுவது எனப் பலவும் இருந்தன. ஆனால் என்னை நிறுத்தி வைத்தது வேறு. "ஏன் சொல்லவில்லை?" என்பதற்குப் பெண்கள் எழுதியிருந்த பதிலில் மிரட்டியவனைப் பற்றிய பயம் நான்காவதுதான். முதலில் இருந்தது, போனைப் பிடுங்கிவிடுவார்கள். அடுத்தது, படிப்பை நிறுத்திவிடுவார்கள். அதற்கடுத்தது, கல்யாணம் பேசிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இது வெறும் கற்பனைப் பயம் இல்லை என்பதற்கு நானே சாட்சி. மிரட்டுகிறவனும் இதை நன்றாக அறிந்தே மிரட்டுகிறான். அவனுடைய பலத்தில் பாதி நம் வீட்டிலும் பள்ளியிலும்தான் இருக்கிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கு நான் பேசும்போதெல்லாம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: சட்டப்பிரிவுகளை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், சொன்ன பிள்ளைக்குச் சொன்னதால் எந்த இழப்பும் வராது என்று நாம் காட்ட வேண்டும். இதைக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு இரண்டாவது ஒரு வாய்ப்பு 2023 ஆகஸ்டில் வந்தது.

அந்தக் கன்ஃபெஷன் பக்கத்தில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சுதந்திர தின விழாப் புகைப்படத்தை ஆடை நீக்கும் செயலி ஒன்றில் கொடுத்துச் செய்த படம் ஒரு மாலை முழுவதும் இருந்தது. மறுநாள் காலை அவள் தன் தோழியோடு ஆய்வகத்துக்கு வந்தாள். இந்த முறை நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "நீ வந்து சொன்னது நல்லது சாமி. இது உன் தப்பில்லை. அடுத்தது என்ன பண்ணப் போறோம்னு உன்கிட்டச் சொல்லாம நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்றேன். மூன்று வாக்கியங்கள்தான், முந்தைய இரண்டு வருடங்களில் மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தவை. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சொல்லவில்லை. அது வாயில் வந்துவிடும். ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19ஆவது பிரிவில், எல்லோருக்கும் கடமை விதிக்கிறது. அதைச் செய்யத்தான் போகிறேன் என்பதையும், யார் யாருக்கு மட்டும் தெரியும் என்பதையும் அவளிடம் அப்போதே சொன்னேன். அழுதாள். ஆனால் எழுந்து போகவில்லை.

"காமிக்கட்டுங்களா மிஸ்?" என்று போனை எடுத்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். இதை எல்லா ஆசிரியர்களும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆதாரம் வேண்டும் என்று நினைத்து அந்தப் படத்தை நம் போனுக்கு அனுப்பச் சொல்வதும், அதைத் தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் அனுப்புவதும் நம் பள்ளிகளில் சாதாரணமாக நடக்கிறது. ஒரு குழந்தையின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும், எந்த நோக்கத்துக்காக என்று பிறகு எவ்வளவு விளக்கினாலும், நம்மைத்தான் சிக்கலில் மாட்டும்; அதைவிடப் பெரிது, அந்தப் பிள்ளையின் படத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையில் நாமும் நாலு பேரைச் சேர்த்துவிடுகிறோம். குழந்தைகளைப் பாலியல் ரீதியாகக் காட்டும் படங்களைச் சேமித்து வைப்பது குறித்த வழக்கொன்றில் 2024 செப்டம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதைக் குற்றமாகவே பார்த்தது. அதே தீர்ப்பில், இவற்றைக் 'குழந்தை ஆபாசப் படம்' என்று அழைக்கக் கூடாது, சுரண்டலும் வன்கொடுமையும் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும் என்றும் கூறியது. வார்த்தையில் என்ன இருக்கிறது என்று நினைக்கும் ஆசிரியர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

படத்துக்குப் பதிலாக ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைச் சொல்லச் சொல்லி எழுதினேன். பக்கத்தின் முழு இணைப்பு முகவரி, பயனர் பெயர், அந்தப் பதிவின் இணைப்பு, பார்த்த நாள், நேரம், முதலில் அவளுக்குச் சொன்னது யார், அவளுக்கு மிரட்டல் செய்தி வந்ததா, வந்தால் எந்தக் கணக்கிலிருந்து. கணக்கின் மேலே தெரியும் பெயரை நொடியில் மாற்றிவிடலாம். அதனால் பயனர் பெயரும் இணைப்பும்தான் பயன்படும். மிரட்டல் செய்திகளை அவளுடைய போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து அந்தப் பக்கத்தை 'ரிப்போர்ட்' அடிக்கத் தயாராக இருந்தார்கள். ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னேன். குறித்து வைப்பதற்கு முன்பே பக்கம் போய்விட்டால் காவல் நிலையத்தில் சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது. அதே காரணத்தால் உரையாடலை அழிக்காமல் வைத்திருந்து, குறித்து முடித்த பிறகே பிளாக் செய்ய வேண்டும். பயத்தில் முதலில் அழித்துவிடுவதுதான் எல்லாப் பிள்ளைகளின் வழக்கமும்.

தலைமையாசிரியர் நல்லவர். ஆனால் அவருடைய முதல் சொல், "ஸ்கூல் பேரு கெட்டுப்போயிருமுங்க டீச்சர், பையன் யாருன்னு கண்டுபிடிச்சு டிசி குடுத்து அனுப்பிப்போடலாம்" என்பதுதான். போக்சோ சட்டத்தின் 21ஆவது பிரிவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். தெரிந்தும் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். பொய்யாகச் செய்த படம்தானே என்று கேட்டார். குழந்தையின் உடலை மெய்யாகவோ புனைந்தோ காட்டும் படத்தை ஊடகத்தில் பயன்படுத்துவதாக மிரட்டுவதையே 11ஆவது பிரிவு பாலியல் தொல்லை என்கிறது என்று காட்டினேன். பிறகு அவரே காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். அச்சடித்த அந்தத் தாள் இல்லாமல், என் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவர் செய்திருப்பாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

தாய் கம்பெனியிலிருந்து நேராக வந்தார். சேலை முந்தானையில் ஓவர்லாக் மெஷினின் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. நாற்காலியில் உட்காராமலேயே கேட்டார்: "ஏனுங் டீச்சர், போலீசு ஊட்டுக்கு வந்தா ஊரே பாக்குமுங்களே. அப்புறம் எம்புள்ளைய ஆருங் கட்டுவாங்க?" இந்தக் கேள்விக்கு நான் தத்துவம் பேசவில்லை, நடைமுறையைச் சொன்னேன். போக்சோ வழக்கில் பிள்ளை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. அவள் விரும்பும் இடத்தில், கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளரே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. எந்தப் பிள்ளையையும் இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி, அவளை அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. அந்தத் தாயின் அத்தை வீட்டில், சுடிதார் அணிந்து வந்த உதவி ஆய்வாளர் முன்னால் அந்தப் பெண் பேசினாள். அக்கம்பக்கத்தில் எல்ஐசி ஏஜெண்ட் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார்களாம்.

அன்று மாலை தாயையும் மகளையும் உட்காரவைத்து, 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையைக் காட்டினேன். காணாமல்போகும், சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் அதை நடத்துகிறது. பதினெட்டு வயதுக்குட்பட்ட நிலையில் எடுக்கப்பட்ட படங்களுக்கானது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் குறியீடு மட்டும் உருவாகி, அதில் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகிறது. அவை அதே படம் தங்களிடம் இருக்கிறதா என்று தேடி நீக்குகின்றன. பெரியவர்களுக்கு இதே முறையில் 'ஸ்டாப் என்சிஐஐ' இருக்கிறது. ஏற்கெனவே ஒருவன் தன் போனில் சேமித்துவிட்டதை இது அழிக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தாய்க்கு அதெல்லாம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஏதோ ஒன்று செய்யப்படுகிறது என்பதே அவர் தோளைக் கொஞ்சம் தளர்த்தியது.

மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் இருவர் பள்ளிக்கு வந்தார்கள். பக்கத்தை நடத்தியது எங்கள் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அந்தப் பெண்ணுக்குத் தூரத்துப் பங்காளி முறை. "நம்மூட்டுப் பையன் தெரியாமப் பண்ணிப்போட்டான், கோயில்ல வெச்சுக் கால்ல உளுந்து மன்னிப்புக் கேக்கச் சொல்றோம், இதோட உட்ருங்க" என்றார்கள். இது இரு குடும்பத்துச் சண்டையாக இருந்தால் அந்த முறைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று நானும் நினைத்திருப்பேன். ஆனால் பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தைப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. தலைமையாசிரியர் மோர் கொடுத்து, பணிவாக, அதே அச்சடித்த தாளை அவர்களிடமும் நீட்டினார்.

அந்தப் பெண் மறு வாரமே வகுப்புக்கு வந்தாள் என்பதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். அதற்குப் பின்னால் வேலை இருந்தது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆலோசகர் வாரம் ஒரு முறை வந்தார். வகுப்பாசிரியர் அவளுடைய இடத்தை மாற்றாமல் அப்படியே வைத்தார், இரக்கத்தோடு முதல் வரிசைக்குக் கொண்டுவருவதும் ஒரு சுட்டிக்காட்டல்தானே. போனும் அவளிடமே இருந்தது. தாயிடம் நான் பேசிப் பெற்ற ஒரே வாக்கு அது.

பெயரைக் காப்பது பற்றி ஆசிரியர்களிடம் பேசும்போது பொள்ளாச்சியைத்தான் சொல்வேன். 2019இல் வெளிவந்த அந்தப் பாலியல் வன்கொடுமை வழக்கில், வீடியோ எடுத்து மிரட்டுவதே குற்றவாளிகளின் ஆயுதமாக இருந்தது. துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகளின் தரப்பிலேயே வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் பிறழாமல் சாட்சி சொல்ல முடிந்ததற்கு, விசாரணை மூடிய அறையில் நடந்ததும் அங்கே அடையாளம் காக்கப்பட்டதும் எவ்வளவு உதவின என்பதை நம் ஆசிரியர் அறைகள் யோசிக்க வேண்டும். நம் அறைகளில் டீ வருவதற்குள் பெயர், வகுப்பு, சாதி எல்லாம் பேசி முடிந்துவிடுகிறது.

பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டதால், 2024இலிருந்து இருபது முப்பது பேராகச் சேர்த்து உட்கார்ந்து பேசுகிறோம். முதல் கூட்டத்தில் நான் பவர்பாயிண்ட் போட்டுச் சட்டப்பிரிவுகளை வரிசையாகக் காட்டினேன்; பாதிப் பேர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது முதல் ஒரு மணி நேரம் நடிப்புதான். ஒருவர் மாணவி, ஒருவர் ஆசிரியர். மாணவி ஒரே வரியைச் சொல்ல வேண்டும்: "மிஸ், என் போட்டோவ ஒருத்தன் வெச்சிருக்கான்." அடுத்து ஆசிரியர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுகிறோம். ஏறக்குறைய எல்லாக் கூட்டத்திலும் முதலில் வருவது "நீ எதுக்குக் குடுத்தே?" என்பதுதான். எழுதிய பிறகு அதை அவர்களே பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். ஆண் ஆசிரியர்களை மாணவியாக நடிக்கச் சொல்வது மிகவும் பயன் தருகிறது. கை கட்டிக்கொண்டு நின்று, அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்ட ஒருவர், "டக்குனு வயித்துல என்னமோ பண்ணுதுங்க" என்றார்.

ஒரு கூட்டத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர், சேலை முள்ளில் விழுந்தாலும் முள் சேலையில் விழுந்தாலும் கிழிவது சேலைதான் என்ற பழமொழியைச் சொன்னார். அது நம் எல்லோர் வீட்டிலும் புழங்குவதுதான். யாரும் மறுக்கவில்லை. பின்வரிசையில் இருந்த இளம் ஆங்கில ஆசிரியை எழுந்து, ஊரடங்கின்போது தான் எடுத்த இணைய வகுப்பை மாணவர்கள் பதிவு செய்து, தான் திரும்பி நின்று எழுதும் பகுதியை மட்டும் வெட்டிப் பாட்டுப் போட்டுப் பரப்பியதைச் சொன்னார். மூன்று வருடங்களாக யாரிடமும் சொல்லவில்லையாம். கணவரிடமும் இல்லை. அதன் பிறகு அந்த அறையில் பழமொழியைப் பற்றி விவாதிக்கத் தேவையிருக்கவில்லை. இது மாணவிகளின் பிரச்சினை என்று நினைத்து வரும் பெண் ஆசிரியர்களில் பலர் தங்கள் கதையோடுதான் வந்திருக்கிறார்கள் என்பதை அதற்குப் பிறகு நான் எதிர்பார்த்தே போகிறேன். கூட்டம் முடிந்து அரை மணி நேரம் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பேன்.

பையன்களிடம் பேசுவதுதான் கடினம், அதைத்தான் நாம் தவிர்க்கிறோம். பெண்களைத் தனியே அழைத்து எச்சரிக்கையாக இரு என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பையன்களைக் கிரிக்கெட் ஆட விடுகிறோம். அந்தக் கன்ஃபெஷன் பக்கத்தைச் செய்தவன் ஒருவன்; அவனுடைய விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போயிற்று. அதை விரும்பிப் பார்த்து, இதயம் போட்டு, அடுத்தவனுக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டபோது யாரும் கை தூக்கவில்லை. கரும்பலகையில் பார்த்தீனியச் செடி ஒன்றை வரைந்தேன். எங்கள் விளையாட்டு மைதானத்தின் ஓரம் முழுவதும் அதுதான். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், ஆனால் அது தானாக நடந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போவதில்லை. காற்றும் தண்ணீரும் வண்டிச் சக்கரமும்தான் கொண்டுபோகின்றன. "அப்ப நாங்க சக்கரமுங்களா மிஸ்?" என்றான் ஒருவன். சிரித்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு பேசினார்கள். அனுப்பாமல் நிறுத்துவது எப்படி, குழுவில் நண்பன் போட்டால் அவனைப் பகைக்காமல் என்ன சொல்வது என்று அவர்களே வாக்கியங்களை யோசித்தார்கள். "மச்சி, இது கேஸ் ஆயிரும், தூக்கு" என்பதுதான் பெரும்பான்மை வாக்குப் பெற்றது. அறத்தைவிட வழக்குக்குப் பயப்படுகிறார்களே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் படம் நிற்கிறது.

பையன்களும் பாதிக்கப்படுகிறார்கள். நளினமாக நடக்கும் ஒரு மாணவனை யாரோ ரீல்ஸ் எடுத்துப் போட்டதால், அவன் இரண்டு மாதம் காலைவணக்கக் கூட்டத்துக்கே வராமல் இருந்தான்; அதைக் கேலி என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இன்னொருவன், முன்பின் தெரியாத பெண்ணின் வீடியோ காலை எடுத்து, அதைப் பதிவு செய்து மிரட்டியவர்களுக்கு அம்மாவின் சீட்டுப் பணத்தை ஜிபே வழியாக மூன்று தவணை அனுப்பிய பிறகே வந்தான். பணம் கொடுத்தால் முடியாது, கேட்பது கூடும். பணம் போனவுடன் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்தால், போன கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. மற்றபடி குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, பள்ளி மாணவர்களின் ஆலோசனைக்கு 14417. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். இந்த எண்களைக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள் என்று ஒரு மாணவிதான் யோசனை சொன்னாள். அறிவிப்புப் பலகையில் நின்று குறித்துக்கொண்டால் எல்லோரும் பார்ப்பார்கள் அல்லவா.

விழாப் படங்களை என்ன செய்வது என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பெண்களின் படங்களையே போடாமல் விட்டுவிடலாம் என்பது சிலருடைய முடிவு. எனக்கு அது உடன்பாடில்லை. கோ-கோ விளையாட்டில் கோப்பையை வாங்கிய பெண் பள்ளிப் பக்கத்தில் தெரியாமல் போவது இன்னொரு வகைப் பூட்டு. அவளிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டுப் போடுகிறோம், பெயரையும் வகுப்பையும் சேர்த்துப் போடுவதில்லை, தனிமுகப் படங்களைவிடக் குழுப் படங்களை விரும்புகிறோம். இதற்கு மேல் எனக்கும் தெளிவான விடை இல்லை.

சாக்பீஸ் பெட்டி இன்னும் ஓடுகிறது. சென்ற கார்த்திகையில் வந்த தாள்களில் ஒன்று, ரசம்சோறு எழுதிய தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "என் போனைத் தினமும் செக் பண்றது எங்க அண்ணன். அவன் போன்ல என்னோட போட்டோ இருக்கு. யார்கிட்டச் சொல்றது?" என்று இருந்தது. ரெக்கார்டு நோட்டுகள் நாற்பதும் என் மேசையில்தான் இருந்தன; கையெழுத்தை ஒப்பிட்டால் அரை மணியில் தெரிந்திருக்கும். ஒப்பிடவில்லை. அன்று மாலையே குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் சொன்னேன். இரண்டு நாளில் ஆலோசகர் வந்து, வகுப்பு முழுவதற்கும் பொதுவாக, வீட்டுக்குள் இருப்பவரே தொல்லை கொடுத்தால் வீட்டுக்குத் தெரியாமல் உதவி கேட்பது எப்படி என்று பேசினார். பிறகு, பாடப்புத்தகச் சந்தேகம் கேட்பதைப் போல யார் வேண்டுமானாலும் ஒவ்வொருவராக வரலாம் என்று ஆய்வகத்தில் உட்கார்ந்தார். அன்று பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். நான் வராந்தாவில், முகத்தை மைதானத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, யார் உள்ளே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் நின்றேன்.